சங்கிலி துடைக்கும் ஞாயிற்றுக்கிழமை

பினாங்கில், பாலிக் பூலாவ் மலைச்சாலையின் உச்சி வளைவில் நல்லமுத்து மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினான். பின்சக்கரத்துக்கு மேல் கட்டியிருந்த பலகைப் பெட்டிக்குள் ரொட்டிகள் இன்னும் சூடாக இருந்தன. மூடியின் இடுக்கு வழியே அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. மற்ற நாளாயிருந்தால் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கீழே கடலைப் பார்த்தபடி நின்றிருப்பான். இன்றைக்கு அவன் கண் கடலுக்குப் போகவில்லை. ஏற்றம் முழுவதும் சங்கிலி கரகரவென்று முனகிக்கொண்டே வந்தது. குந்தி உட்கார்ந்து, சங்கிலியின் அடிப்பக்கத்தில் ஒரு விரலை ஓட்டினான். கறுப்பும் சாம்பலுமாக ஒரு பசை ஒட்டியது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். நறநறத்தது.

நேற்று மத்தியானம்தான் யாருக்கும் சொல்லாமல் இதே சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை படாதவரை பார்த்து எண்ணெய் விட்டிருந்தான். நேற்று மத்தியானத்துக்கும் இன்று காலைக்கும் நடுவே வண்டியைத் தொட்டவர் ஒரே ஒருவர், முகம்மது கனி. மனிதன் நினைக்கக் கூடாத பெயரை நினைக்கும்போது முதலில் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. இரண்டாம் முறை அவ்வளவு கூசுவதில்லை. வளைவிலிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் நல்லமுத்து அந்தப் பெயரைப் பலமுறை நினைத்துவிட்டான்.

வண்டி இரண்டு பேருக்கும் சொந்தம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், நல்லமுத்து கப்பலேறாமல் பினாங்குக்கு வந்து சேர்ந்தான். அங்கே பழக்கமான கனிக்கு, சூலியா தெருவுக்குப் பின்னால் ரொட்டி சுடும் ஓர் அடுப்பில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் இருந்தார், அவர் மூலம் ரொட்டி விற்கும் வேலை கிடைத்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மானேஜர் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிளை இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். காலையில் நல்லமுத்து மலை தாண்டி பாலிக் பூலாவுக்கு ரொட்டி கொண்டுபோவான். மத்தியானத்துக்கு மேல் கனி ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கம் போய்விட்டு, பொழுது சாய்ந்ததும் வண்டியைக் கொண்டுவந்து டத்தோ கிராமட் ரோட்டில் நல்லமுத்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போவார். கனி குடியிருந்த சந்தில் வண்டி நுழையாது. இந்த ஏற்பாட்டில் இதுவரை இரண்டு பேருக்கும் நடுவே சண்டை என்று ஒன்று வந்ததில்லை. வந்திருக்க வேண்டிய ஒரு சண்டை மட்டும் வராமலே போயிருந்தது.

அது போன மழைக்காலத்தில் நடந்தது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழல, எஞ்சினை ஓடவிட்டுத்தான் சங்கிலி துடைப்பார்கள். ஓடுகிற சங்கிலியில் துணியைப் பிடித்தால் போதும், அழுக்கு தானாக வந்துவிடும். சீக்கிரம் முடியும் என்று இந்த வழியைச் சொன்னவன் நல்லமுத்து. அன்றைக்கு ஆக்சிலேட்டரில் கை வைத்திருந்தவனும் அவன்தான். வேலியோரம் போன யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கூடுதலாகத் திருகினான். விரலில் சுற்றியிருந்த துணியைப் பல்சக்கரம் கவ்வி உள்ளே இழுத்தது. கனி கத்தக்கூட இல்லை. வலதுகை ஆள்காட்டி விரலில் முதல் கணு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டிரெசர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, "என் அஜாக்கிரதைங்க" என்று கனி சொன்னார். நல்லமுத்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு முறை மாறியது. எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பார்கள். கியரை விடுவித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிளக் இல்லாத எஞ்சினை யார் உதைத்தாலும் ஓடாது. துணியை விரலில் சுற்றக் கூடாது, மடித்து நுனியில்தான் பிடிக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, பல்சக்கரத்துக்குத் தள்ளியே துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் டின் திறந்திருக்கும்போது சுருட்டுப் பற்றவைக்கக் கூடாது. பிறகு சங்கிலியின் உட்பக்கமாக ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்தெடுப்பது. எல்லாம் கனி வகுத்தவை. ஒவ்வொரு ஞாயிறும் பிளக்கைக் கழற்றியதும் அவர் அதை நல்லமுத்துவின் உள்ளங்கையில் வைத்து, "பிடி" என்பார். வேலை முடிகிறவரை அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தன் விரலைத் தின்ற எஞ்சினின் சாவியை, தின்னக் கொடுத்தவன் கையிலேயே எதற்காகக் கொடுக்கிறார் என்பது அவனுக்கு விளங்கவில்லை. முதலில் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான். போகப் போக, வாரம் தவறாமல் தன்னைக் குத்திக் காட்டுகிறாரோ என்று தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சுக்கு அன்பைவிடக் குத்தலை நம்புவது சுலபமாக இருக்கிறது.

நறநறப்பை அவன் முதன்முதலில் கவனித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது கனியிடம் காட்டினான். "ஆயர் ஈத்தாம் ரோட்டுல மண்ணு ஜாஸ்திலா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு எண்ணெய் விட்டார். அப்போது அது சரியாகத்தான் பட்டது. பிறகு ஒருநாள் கோப்பிக் கடையில் சந்திரசேகரன் வந்து எதிரே உட்கார்ந்தான். கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஊரில் யார் வீட்டில் எந்த அடுப்பு புகைகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"என்ன நல்லமுத்து, ரொட்டிக்கடை முதலாளி லாரி வாங்குறாராமே. கனிபாய்தான் டிரைவராம். ஒன்கிட்ட சொல்லலையா?"

"சொல்லுவாரு" என்றான் நல்லமுத்து.

"சொல்லுவாரு, சொல்லுவாரு. லாரி வந்தா ஒன் மோட்டார் சைக்கிள் எதுக்கு? பழைய இரும்புக்கா?" என்று சிரித்துவிட்டு, சந்திரசேகரன் நல்லமுத்துவின் காசிலேயே ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே நல்லமுத்து ஏதோ வேலைபோல் கனியின் சந்துக்குப் போனான். சந்தின் முனையில் ஒரு சீனர் கல்லறைக் கல் செதுக்குகிறவர். அவர் கொட்டகை வாசலில் சாம்பல் நிறக் கல்பொடி குவிந்துகிடந்தது. பலநாள் பார்த்த குவியல்தான், அன்றைக்குத்தான் அது அவன் கண்ணில் பட்டது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். நறநறத்தது. உலகத்தில் எந்தப் பொடியைத் தேய்த்தாலும் நறநறக்கும் என்று அவனுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. எண்ணெயோடு கல்பொடி சேர்ந்தால் சங்கிலியின் கண்ணிகளை உள்ளுக்குள்ளேயே அரைத்துவிடும். இளைத்த சங்கிலி இறக்கத்தில் அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த மலைச்சாலையில் வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஒன்றுமேயில்லை. போவது விரலாக இருக்காது. அவனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, கனியைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்பது கேவலமாக இருந்தது.

வீட்டில் அவன் சரியாகச் சாப்பிடாததை மனைவி குணவதி கவனித்தாள்.

"வண்டில எதுவும் கோளாறாங்க?"

"இல்ல."

"மலையில மெதுவாப் போங்க."

"போறேன்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வண்டி விஷயத்தில் அவள் ஏதாவது சொன்னால் அவன் கேலி செய்வான் என்பது அவளுக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கச் சொன்னதற்கு, "ஊறுகாய் போட்டாலும் பிரயோசனம்" என்று அக்கம்பக்கம் கேட்கச் சிரித்தவன் அவன்.

உச்சி வளைவில் பசையைத் தொட்டுப் பார்த்த அந்தச் சனிக்கிழமை, மத்தியானம் ரொட்டி அடுப்புக்குப் பின்புறம் வண்டியை ஒப்படைக்கும்போது, நல்லமுத்து துணியை விரித்துக் காட்டினான். வழியில் சங்கிலியைத் துடைத்தெடுத்த துணி.

"இது என்னண்ணே?"

கனி குனிந்து பார்த்தார். "அழுக்கு."

"நேத்து மத்தியானம் நான் கழுவினேன். வெள்ளைத் துணில தொடச்சேன். அதுக்கப்புறம் ஒங்க கையிலதான் இருந்துச்சு."

"நேத்தா? நேத்து வெள்ளிக்கெழமைலா. ஞாயித்துக்கெழமை இல்லாம எதுக்குக் கழுவின?"

"பாக்கத்தான்."

"எதைப் பாக்க?"

நல்லமுத்துவுக்கு நாக்கு மொத்தமாகப் புரண்டது. "ஒங்க சந்துல சீனன் கடையில கல்லுப்பொடி குமிஞ்சு கெடக்குல்ல, அது எப்படி நம்ம சங்கிலிக்கு வந்துச்சுன்னு பாக்க. லாரிக்குப் போறதுன்னா நேராச் சொல்லிட்டுப் போங்க. விரலுக்கு விரல்னு கேட்டிருந்தாலும் நீட்டியிருப்பேன். மலையில வச்சு ஆளையே முடிக்கணுமா?"

அடுப்புக்காரர் ஒருவர் மாவுக்கையோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கனிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. நல்லமுத்து எதிர்பார்த்தது கோபம்தான், அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தான். அவர் அந்தத் துணியை வாங்கி, மடித்து, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். முனை மழுங்கிய விரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வீட்டுக்கு வரேன். சங்கிலிய நல்லபடியாக் கழுவி எண்ணெய் போட்டு வைப்போம். அழுக்கு வண்டின்னா வாங்குறவன் வெல கொறைச்சுக் கேப்பான்."

"விக்கிறதா?"

"பின்ன? இதுக்கு மேல எப்படி ஓட்டுறது" என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கனி வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். வெயில் இன்னும் தென்னை மட்டைகளைத் தாண்டி இறங்கவில்லை. நல்லமுத்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவர் அங்கேயே வந்து துவைகல்லில் உட்கார்ந்தார். அவன் ஒரு வாளித் தண்ணீரை எதற்கென்று தெரியாமல் இறைத்து வைத்தான். பொய்யாகவாவது இல்லையென்று மறுத்திருக்கலாமே, மறுக்காத மனுசன் செய்திருக்கத்தானே வேண்டும் என்று அவன் மனம் இன்னும் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது வீட்டுப் பின்வாசலிலிருந்து குணவதி வந்தாள். தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்திருந்தாள். கையில் சாமி மாடத்துப் பித்தளைத் தட்டு. கிணற்றடியில் இவர்கள் இருப்பதை அவள் பார்க்கவில்லை. வாழை மரங்கள் மறைத்திருந்தன. நேரே கொட்டகைக்குள் போய், வண்டியின் முன்விளக்கில் திருநீற்றைப் பட்டையாகப் பூசினாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். வண்டி ஸ்டாண்டில் நின்றதால் சக்கரம் தரையைத் தொடவில்லை. இடதுகையால் அதை மெல்லச் சுற்றினாள். வலதுகையால் தட்டிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இட்டுக்கொண்டே வந்தாள். ஞாயிறுதோறும் கனி எண்ணெய் விடுவதைச் சமையலறைச் சன்னல் வழியே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தண்ணீர்மலையானே, முருகா, கனி அண்ணன் விரலோட போதும்பா. இனிமே இது யாரு கையையும் காலையும் கேக்கக் கூடாது. ரெண்டு பேரையும் முழுசாக் கொண்டாந்து சேத்துரு" என்று அவள் சொன்னது கிணற்றடிவரை கேட்டது.

நல்லமுத்துவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தினம் விடிகாலையில், இதே கிணற்றடியில் அவன் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பத்தடி தள்ளி இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. பினாங்கு முழுவதும் சல்லடை போட்டுத் தேடியவன், தன் வீட்டைத் தேடவில்லை. அவன் முகம் வாடிய நாட்களில் அவள் இன்னும் ஒரு பிடி கூடுதலாகத்தான் இட்டிருப்பாள்.

கனி எழுந்து கொட்டகைக்குப் போனார். குணவதி திடுக்கிட்டு எழுந்து தட்டை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"மறைக்காதம்மா. கோயில் திருநீறுதானே?"

"ஆமாண்ணே. தண்ணீர்மலையிலேருந்து வாரா வாரம் கொண்டாருவேன். அவரு சிரிப்பாருன்னுதான்..."

"பித்தளைப் பாத்திரம் எதுல தேய்ப்ப?"

"சாம்பல்லதான்."

"எதுக்குச் சாம்பல்?"

"கறையை அறுத்து எடுக்குமே." சொல்லிவிட்டு அவள் சங்கிலியைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "ஐயோ, நானாண்ணே? நானா இதத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன்? மலையில போற வண்டியாச்சே!"

"அழாத. இந்த வாரமே வேற சங்கிலி மாட்டிருவோம். ஒண்ணும் ஆயிடல. என் வீட்டுல ஹாஜராவும் தினம் ஓதி ஊதித்தான் என்னைய அனுப்புறா. ஊதுற காத்துல பொடி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று கனி சிரித்தார். "நீ விளக்குக்கு மட்டும் பூசு தாயி. சாமிக்கு அங்கேருந்தே ரோடு நல்லாத் தெரியும்."

குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஹாஜரா அக்கா சொன்னாங்க. முதலாளி லாரிக்குக் கூப்பிட்டப்ப, நல்லமுத்து இல்லாம நான் வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. அன்னைக்கே நான் கோயில்ல ஒங்க பேருக்கும் ஒரு தேங்காய் ஒடச்சேன். இருங்கண்ணே, கோப்பி கலக்குறேன்." தட்டோடு அவள் உள்ளே போனாள்.

வாழை மரத்தடியில் நின்றிருந்த நல்லமுத்து அந்தக் கடைசி வார்த்தைகளையும் கேட்டான். மெல்ல நடந்து கொட்டகைக்கு வந்தான். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதில் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கனி கெட்டவரில்லை. பழைய கனிதான். எல்லாம் தீர்ந்துவிட்டது.

"அண்ணே, நான் ஒரு முட்டாப்பய. அந்தச் சந்திரசேகரன் பேச்சக் கேட்டு... மன்னிச்சிருங்கண்ணே."

"சரி விடு."

"வண்டிய விக்க வேணாம்ணே."

"விக்கல. ரொட்டி போய்ச் சேரணும்லா" என்றார் கனி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "டின்ன எடுத்து வை. கழுவிருவோம்."

நல்லமுத்து ஓடி ஓடிச் செய்தான். மண்ணெண்ணெய் டின்னைத் திறந்து வைத்தான், பிரஷைத் தேடி எடுத்தான், துணியைக் கிழித்து மடித்தான். கியரை விடுவித்து, சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்த்தான். சங்கிலியில் குணவதி இட்ட திருநீறு எண்ணெயில் ஊறி, கறுத்துக்கொண்டிருந்தது. கனி ஸ்பானரை எடுத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினார். பிளக் கொஞ்சம் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக் கழற்றி, நுனியை ஊதினார், துணியில் துடைத்தார்.

நல்லமுத்து பக்கத்தில் வந்து, வழக்கம்போல உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

கனி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிளக்கைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். பையின் மூடியை இழுத்துவிட்டு, பொத்தானைப் போடப் பார்த்தார். அந்தப் பொத்தானை அவர் போட்டு நல்லமுத்து பார்த்ததேயில்லை. நுனியில்லாத விரலுக்குப் பொத்தான் அகப்படாமல் வழுக்கிக்கொண்டே போனது. அவர் அவசரப்படவில்லை. விட்டு விட்டு, மறுபடியும் மறுபடியும் அதைத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். நல்லமுத்துவின் கை நீட்டியபடியே இருந்தது.